வடிவம்மாளின் எட்டாவது பெட்டி

வடிவம்மாளுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் பாதிப் பாட்டுதான். முழுசாக ஒரு பாட்டுகூடத் தெரியாது. இதில் அவள் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தப்பு அவள் பேரில் இல்லை, ஒரு சுவரின் பேரில் இருந்தது. மலையாளச் சீமையில், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் அவள் புருஷன் வன்னியபெருமாள் சாப்பாட்டுக் கடை நடத்தினார். ரேடியோ முன்கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்துப் பலகையில் இருந்தது. வடிவம்மாள் பின்கட்டில் இருந்தாள். நடுவில் ஒன்றரை அடிச் சுவர், அதில் தட்டு நீட்டுகிற அளவுக்கு ஒரு ஜன்னல். பாட்டு அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். ஆர்டரும் அதே ஜன்னல் வழியாகத்தான் வரும். இரண்டும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தால் எது ஜெயிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்தொன்பது வயதில் பணகுடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், இருபத்துநாலு வருஷம் அந்தப் பின்கட்டிலேயே இருந்தாள். பாட்டுப் பைத்தியம் என்றால் அப்படியொரு பைத்தியம். குளிக்கும்போது பாடினாலும், பல்லவி முடிந்து மூச்சு விடுகிற இடத்தில் “ரெண்டு ஊத்தப்பம், ஒரு காப்பி” என்று தன்னையறியாமல் சேர்த்துப் பாடிவிட்டு அடுத்த வரிக்குப் போவாள். மகள் மங்கலம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மாவிடம் கற்ற பாட்டைப் பள்ளிக்கூட விழாவில் ஊத்தப்பத்தோடு சேர்த்தே பாடி இரண்டாம் பரிசு வாங்கி வந்தாள். பரிசு எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மங்கலம் இப்போது கல்யாணமாகி நாகர்கோவிலில் இருக்கிறாள், பாடுவதில்லை.

இந்தப் பாதிப் பாட்டுகளில் ஒன்று மட்டும் வடிவம்மாளைப் படுத்தியெடுத்தது. ஆற்றங்கரையில் நிற்கிற ஒரு பெண், அக்கரைக்குக் கிளம்பிவிட்ட ஓடக்காரனைப் பார்த்து, என்னையும் ஏற்றிக்கொண்டு போ என்கிறாள். பல்லவியில் கேட்கிறாள், முதல் சரணத்தில் கெஞ்சுகிறாள், இரண்டாம் சரணத்தில் கோபித்துக்கொள்கிறாள். மூன்றாம் சரணத்தில் என்ன ஆயிற்று? அங்கேதான் சிக்கல். சிலோன் ரேடியோவில் அந்தப் பாட்டு வருவதே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான். மூன்றாம் சரணத்துக்கு முன்னால் வயலின் இழுக்கத் தொடங்கும்போது வன்னியபெருமாள் ஜன்னலுக்குள் குரலை விடுவார்.

“ஏளா, மூணு சாப்பாடு, ஒண்ணுக்கு மோரு தனியா!”

அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக அந்தப் பெண் கரையிலேயே நின்றாள். யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டாளே. “அந்த ஓடக்காரன் கடைசில வந்தானா?” என்று புருஷனிடமே கேட்டாள். “எந்த ஓடக்காரன்? நம்ம கடைல பாக்கி வச்சிருக்கானா?” என்றார் அவர்.

1979ஆம் வருஷம் வன்னியபெருமாள் வீடு கட்டத் தொடங்கினார். பாப்பனங்கோட்டில், நாகர்கோவில் போகிற பெரிய ரோட்டை ஒட்டிய மனை. அவருக்கு ஓர் ஆசை இருந்தது, பொல்லாத ஆசை. இத்தனை வருஷமாக ஊரெல்லாம் ‘கடைக்காரர்’ என்று கூப்பிட்டது. வீடு முடிந்ததும் கடையை ஆட்களிடம் விட்டுவிடுவார், இனி ‘வீட்டுக்காரர்’ என்று கூப்பிட வேண்டும். அதற்காக முன்னால் சிட் அவுட் என்கிற முகப்புத் திண்ணை, அதற்கு மொசைக் தரை, மயில் வைத்த கிரில், அதற்குள் ஒரு சாய்வு நாற்காலி, நாற்காலியில் அவர். வீட்டின் மற்ற பகுதிகளை அந்த நாற்காலிக்குப் பின்னால் வருகிற சமாச்சாரங்களாகவே அவர் நினைத்திருந்தார்.

அஸ்திவாரம் எழும்பிய அன்றைக்குச் சந்தோஷத்தில் பெண்டாட்டியிடம் கேட்டார். “ஒனக்கு என்ன வேணும், சொல்லு.”

வடிவம்மாள் இதற்காகவே காத்திருந்தவள்போல் சொன்னாள். “எல்லா ரூம்லயும் பாட்டு கேக்கணும். அடுக்களையில மொதல்ல கேக்கணும்.”

“பூ! இவ்வளவுதானா?” என்று கையை வீசினார் அவர்.

மறுநாள் ஞானையன் வந்து சேர்ந்தான். பாறசாலைக்காரன், முப்பது வயது. அம்மன் கோயில் கொடை விழா, கிறிஸ்தவ சபை கன்வென்ஷன், தேர்தல் கூட்டம் எதுவானாலும் அந்த வட்டாரத்தில் மைக் செட் அவனுடையது. வீட்டு வயரிங்கும் தெரியும். அந்தக் காலத்தில் சுவரின்மேல் மர ரீப்பர் அடித்து அதன்மேல்தான் வயர் ஓட்டுவார்கள். வடிவம்மாள் சம்மதிக்கவில்லை. குழாய் பதித்துச் சுவருக்குள்ளேயே ஓட்ட வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றாள்.

“இருவத்தி நாலு வருசமா ஒரு சுவரு எம் பாட்டத் தடுத்துச்சு, தம்பி. இனிமே சுவரே பாட்டச் சொமந்துகிட்டு வரட்டும்” என்றாள்.

ஞானையனுக்கு அந்தப் பேச்சு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. “செரி அக்கா. ஆனா கேட்டியளா, எங்கிட்ட உள்ள ஆம்ப்ளிஃபயரு எட்டுப் பெட்டி இழுக்கும். அதுக்கு மேல ஒண்ணு போட்டாலும் சூடு புடிச்சிப் படுத்துக்கிடும், பின்னே எழும்பாது.”

எட்டு ஸ்பீக்கர் பெட்டி. முன்கூடத்துக்கு ஒன்று, சாப்பிடுகிற அறைக்கு ஒன்று, படுக்கையறைகளுக்கு மூன்று, பூஜை அறைக்கு ஒன்று, குளியலறை நடையில் ஒன்று, அடுக்களைக்கு ஒன்று. குளியலறைக்கு வன்னியபெருமாள் எதிர்ப்புத் தெரிவித்தார். “நான் குளிக்கும்போது ஒருத்தன் செய்தி வாசிச்சா, துண்டக் கட்டிக்கிட்டா குளிக்க முடியும்?” யாரும் காதில் வாங்கவில்லை.

பெட்டி எங்கே வைப்பது என்று பார்க்க வடிவம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கூரை போட்ட, பூச்சு பூசாத வீட்டில் ஞானையன் ஒரு டிரான்சிஸ்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக நிற்க வேண்டும். அவள் அந்தந்த அறையில் நாளைக்குச் செய்யப்போகிற வேலையை இன்றைக்கே செய்து பார்ப்பாள். இல்லாத விளக்குமாற்றால் பெருக்கினாள். இல்லாத பாயை விரித்துப் படுத்தாள். அடுக்களையில் இல்லாத ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து இல்லாத மாவை ஆட்டினாள். “இன்னும் மேல புடி! அங்கதான். இல்ல, தாளிச்சா சத்தம் அமுக்கிரும், இந்தப் பக்கம் வா” என்று ஒரே அமர்க்களம். சாரத்தின்மேல் நின்ற இசக்கி கொத்தனார், வெறுந்தரையில் மாவாட்டுகிற முதலாளியம்மாவைப் பார்த்துவிட்டு இறங்கிப்போய் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்.

அளவும் அவள் சொன்னதுதான். அடிக்கோல் என்ற ஒன்றை அவள் கையால் தொட்டதில்லை. கடைக்கு வாழையிலை நறுக்குவது அவள் வேலை. முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனிவரை, அதற்குமேல் நாலு விரல். அதுதான் ஓர் இலை. இருபத்துநாலு வருஷமாக அதில் ஒரு நூல் கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. “வாசல் நெலையில இருந்து மூணு எலை, தரையில இருந்து நாலு எலை ஒசரம்” என்பாள். ஞானையன் அந்த இடத்தில் கரிக்கட்டையால் ஒரு பெருக்கல் குறி போடுவான்.

“எழுதி வச்சிக்கிட வேண்டாமா தம்பி?”

“திருவிழாப் பந்தலுக்கு யாரு அக்கா பிளான் வரைஞ்சா? மைக் செட்டுக்காரனுக்குக் கரிக்கட்ட போதும்.”

பேச்சுவாக்கில் ஓடக்காரன் பாட்டு வந்தது. ஞானையனின் முகம் மலர்ந்தது. “அந்த ரிக்கார்டு எங்கிட்ட உண்டே! நாளைக்கே கொண்டாந்து போட்டுக் காட்டட்டா?”

வடிவம்மாளுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. மூன்றாம் சரணம் கையெட்டும் தூரத்தில். ஆனாலும் தலையை ஆட்டினாள். “வேண்டாம். எஞ் சொந்த அடுக்களையில, எங் கையில கரண்டியோட நின்னுதான் அத மொதல்லருந்து கடைசி வரைக்கும் கேப்பேன். பதினெட்டு வருசம் காத்துக் கெடந்துட்டேன். ஆறு மாசம் பெருசா?”

அன்றிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. கடையில் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். பஸ்ஸில் பாப்பனங்கோட்டுக்கு டிக்கெட் கேட்பதற்குப் பதில் “அடுக்களை ஒண்ணு” என்றாள். கண்டக்டர் திருதிருவென்று விழித்தான்.

குழாயெல்லாம் பதித்து, வயர் இழுத்து, பெட்டி உட்காரும் இடங்களில் குழி வெட்டி வயர் நுனியை உள்ளே சுருட்டிவைத்து, சுண்ணாம்பு விழாமல் இருக்கக் குழிக்குள் பழைய பேப்பரைத் திணித்துவிட்டு, ஞானையன் மார்த்தாண்டத்தில் எட்டு நாள் கன்வென்ஷனுக்கு மைக் செட் கட்டப் போனான். பூச்சு வேலை இசக்கி கொத்தனார் கைக்கு வந்தது.

இசக்கி கொத்தனாரின் பூச்சில் முகம் பார்க்கலாம் என்பார்கள். அவரே அப்படிச் சொல்வார். சுவர் எழுப்பும்போது சாரக் கம்புகளை நுழைக்கச் சுவரில் ஆங்காங்கே குழி விடுவார்கள். பூசும்போது அதையெல்லாம் செங்கல் துண்டு வைத்து அடைப்பது கொத்தனாரின் வேலை. பேப்பர் திணித்த குழிகளைப் பார்த்தார். ‘எவனோ சாரக்குழியில குப்பையப் போட்டிருக்கான்’ என்று நினைத்தார். செங்கல் வைத்து இறுக்கி அடைத்தார், அதன்மேல் பூசினார், மட்டப்பலகையால் தேய்த்தார், தள்ளி நின்று ரசித்தார்.

ஞானையன் திரும்பி வந்தபோது வீடு முட்டைபோல் இருந்தது. கரிக்குறி இல்லை, குழி இல்லை, வயர் நுனி இல்லை. பாவம், அவன் சுவரைத் தடவித் தடவி அறை அறையாக அலைந்தான். “எனக்க கர்த்தாவே!” என்று ஒவ்வொரு சுவரிடமும் முறையிட்டான்.

கிரகப்பிரவேசப் பால் காய்ச்சுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. வன்னியபெருமாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “எங்க இருக்குன்னு தெரிஞ்சா ஒடைங்க. தேடிப் பாக்கேன்னு சுவரச் சல்லடையாக்கினா, பாட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வெள்ளையடிச்சிருவேன்.”

வடிவம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். “கடைக்குப் போயி ஒரு கட்டு எலை எடுத்துட்டு வா, தம்பி.”

இலை வந்தது. அவள் முழங்கையில் வைத்து நறுக்கினாள், தண்ணீரில் நனைத்தாள், முன்கூடத்து வாசல் நிலையிலிருந்து சுவரில் ஒட்டத் தொடங்கினாள். ஈரப் பூச்சில் இலை அப்படியே பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் மூன்று இலை. அங்கிருந்து முக்காலிமேல் ஏறிக் கீழிருந்து மேலாக நாலு இலை. நாலாவது இலையின் நுனியில் விரலை வைத்தாள்.

“கொத்தனாரே, இங்க.”

இசக்கி கொத்தனார் தன் பூச்சில் தானே உளி வைக்கிற துக்கத்தோடு இரண்டு தட்டுத் தட்டினார். பூச்சு பெயர்ந்தது, செங்கல் துண்டு ஆடியது, அதற்குப் பின்னால் பழைய பேப்பர் எட்டிப்பார்த்தது. ஞானையன் போட்ட கூச்சலில் பக்கத்து மனையில் வேலை செய்தவர்கள் ஓடிவந்தார்கள்.

பிறகு கேட்க வேண்டுமா? சாப்பிடுகிற அறையில் கிடைத்தது. மூன்று படுக்கையறையிலும் கிடைத்தது. பூஜை அறையில் கிடைத்தபோது கொத்தனாரே “அம்மா தாயே” என்று கும்பிட்டார். சுவருக்கெல்லாம் பந்தி போட்டதுபோல் வீடு முழுக்க இலை தொங்கியது. குளியலறை நடையில் வடிவம்மாள் பாடிக்கொண்டே ஒட்டினாள், நடுவில் ஊத்தப்பத்தையும் சேர்த்துப் பாடினாள், ஞானையன் எதிர்ப்பாட்டுப் பாடினான். ஏழும் கிடைத்தன.

எட்டாவது, அடுக்களை. பின்வாசல் நிலையிலிருந்து இரண்டு இலை, உயரம் நாலு இலை. கொத்தனார் தட்டினார். உள்ளே முழுச்செங்கல். வடிவம்மாள் மறுபடி அளந்தாள். அதே இடம்தான். புதிதாக நறுக்கி அளந்தாள். அதே இடம்தான்.

“எங் கை தப்பாதே” என்றாள். குரல் இறங்கிவிட்டது.

இசக்கி கொத்தனார் தலையைச் சொறிந்தார். “பேப்பர் வச்ச குழி நான் அடைச்சது எட்டுதாம்மா, நல்லா நெனவிருக்கு. ஆனா அடுக்களையில ஒண்ணும் அடைக்கலையே. எட்டாவது முன்னால சிட் அவுட்டுல இல்லா அடைச்சேன்?”

வடிவம்மாள் ஞானையனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். “அண்ணாச்சி சொன்னாரு அக்கா. நீங்க இல்லாத அன்னைக்கு வந்து, அடுக்களப் பெட்டிய முன்னால மாத்துன்னு சொன்னாரு. ஒங்ககிட்ட அவரே சொல்லிக்கிடுவேன்னாரு. ஒம்பதாவது போட முடியாதே, பின்னே நான் எந்து செய்ய? ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்ல மனசும் வரல்ல.”

கிரில்லில் மயிலுக்குப் பெயிண்ட் அடிப்பதை மேற்பார்த்துக்கொண்டிருந்த வன்னியபெருமாள் கொஞ்சமும் அசரவில்லை. “அடுக்களையில எதுக்குப் பாட்டு? பொகை அடிச்சி நாலே மாசத்துல கெட்டுப் போவும். முன்னால வச்சா ரோட்டுல போறவன் நின்னு கேட்டுட்டுப் போவான். இருவத்தி நாலு வருசம் பாட்டு இல்லாமத்தானே சமைச்ச? ருசி கொறஞ்சா போச்சு?”

வடிவம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கடைசிக் கேள்விதான் அவளைச் சுட்டது. இருபத்துநாலு வருஷம் அவள் எதை விட்டுக்கொடுத்தாள் என்பதே அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் அழுகிற ரகம் இல்லை. மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள், சிட் அவுட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள், “சரி” என்றாள்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மோர் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். “ஏங்க, புது வீட்டுல மொதப் பால் எங்க பொங்குதோ, அதுதானே அடுக்களை?”

“அதுல என்ன சந்தேகம்?” என்றார் வன்னியபெருமாள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. “பால் பொங்குன எடந்தான் அடுப்படி. அத யாராலயும் மாத்த முடியாது.”

“கேட்டுக்கிட்டிங்களா கொத்தனாரே? தம்பி, நீயும்தான்” என்றாள் வடிவம்மாள்.

பால் காய்ச்சு அன்று காலை ஆறரையிலிருந்து ஏழேகால்வரை நல்ல நேரம். தம்பானூர்க் கடைக்காரர்கள், வலியசாலையிலிருந்து தெரிந்தவர்கள், பணகுடிச் சொந்தக்காரர்கள் என்று கூட்டம். எட்டுப் பெட்டியிலும் நாதஸ்வர ரிக்கார்டு. வன்னியபெருமாள் பட்டு வேட்டியில், சிட் அவுட்டில், பெட்டிக்கு நேர் கீழே நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். வாயெல்லாம் பல்.

உள்ளேயிருந்து வடிவம்மாள் வந்தாள். இடுப்பில் பால்பானை, பின்னால் ஞானையனின் கையில் மூன்று செங்கல், கொத்தனாரின் கையில் விறகு.

“கொஞ்சம் எந்திரிங்க” என்றாள்.

அவர் ஒன்றும் புரியாமல் எழுந்தார். அவள் நாற்காலியை ஓரமாக இழுத்துவிட்டு, மொசைக் தரையின் நட்டநடுவில் செங்கல்லை வைத்தாள், பானையை ஏற்றினாள், கற்பூரத்தைக் கொளுத்தி விறகுக்கடியில் போட்டாள். “ஏளா, என்ன கூத்து இது?” என்று வன்னியபெருமாள் பதறுவதற்குள் தீ பிடித்துவிட்டது. மூட்டிய அடுப்பை நல்ல நேரத்தில் அணைக்கலாமா? பொம்பளைகள் ஒன்றும் தெரியாமலே குலவை போட்டார்கள். பால் குமுகுமுவென்று பொங்கி மொசைக்கில் வழிந்தது.

“பொங்கிருச்சு” என்றாள் வடிவம்மாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “இதுதான் எங்க வீட்டு அடுக்களை. நான் சொல்லல, எங்க வீட்டுக்காரரு சொன்னது.”

அன்றிலிருந்து அவள் சிட் அவுட்டில்தான் சமைத்தாள். மண்ணெண்ணெய் அடுப்பு, அம்மி, அஞ்சறைப்பெட்டி எல்லாம் மயில் கிரில்லுக்குள் குடியேறின. வன்னியபெருமாள் அதட்டினார், கெஞ்சினார், சாப்பிடமாட்டேன் என்றார், சாப்பிட்டார். நாற்காலியையும் விட்டுக்கொடுக்கவில்லை, அடுப்புக்கு மூன்றடி தள்ளி, பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை, பெரிய ரோட்டில் போன ஒருவர் கேட்டைத் திறந்து உள்ளே வந்து திண்டில் உட்கார்ந்தார். “சேச்சீ, ஒரு செட்டு தோசை. கடுப்பத்தில் ஒரு சாயா” என்று மலையாளத்தில் தோசையும் ஸ்ட்ராங் டீயும் கேட்டார்.

தோசை வாசனை, ஸ்பீக்கரில் பாட்டு, வாசலில் அடுப்பு, நாற்காலியில் முதலாளி. பார்க்கிறவர்கள் வேறு எதை நினைப்பார்கள்? வந்தவரைப் பசியோடு அனுப்ப வடிவம்மாளுக்கு மனசு வரவில்லை. தோசை கொடுத்தாள். அவ்வளவுதான், சேதி பரவிவிட்டது. பஸ் டிரைவர்கள் வந்தார்கள், கண்டக்டர்கள் வந்தார்கள். “புதிய ஹோட்டல் அல்லே? போர்டு வச்சில்லல்லோ?” என்று விசாரித்தார்கள். ஒருவர் வன்னியபெருமாளிடம் தண்ணீர் கேட்டார். “இந்தா வருது” என்று அவர் வாய் தவறிச் சொல்லி, பாதி எழுந்தும் விட்டார். வீட்டுக்காரராகி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வடிவம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நாள் முழுக்கச் சிரித்தாள். ஆனால் சிரிப்புக்குக் கீழே ஒரு சங்கடமும் வளர்ந்தது. ஜெயித்துவிட்டாள், சரி. ஜெயித்துப் போய்ச் சேர்ந்தது இன்னொரு கடைக்கு.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். ஞானையன் ஓடக்காரன் ரிக்கார்டைக் கொண்டுவந்தான். “இனி என்னத்துக்குக் காத்திருக்கணும் அக்கா? பால் பொங்கின அடுக்களை இதுதானே?”

“போடு” என்றாள் வடிவம்மாள். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்கு நேர் கீழே நின்றாள்.

பல்லவி வந்தது. பெண் கேட்டாள். முதல் சரணத்தில் கெஞ்சினாள். இரண்டாம் சரணத்தில் கோபித்துக்கொண்டாள். வயலின் இழுக்கத் தொடங்கியது.

கேட் கிரீச்சிட்டது. மூன்று கண்டக்டர்கள். “சேச்சீ, மூணு ஊணு! ஒண்ணினு மோரு வேறே!” அதே மூன்று சாப்பாடு, அதே தனி மோர்.

அவள் கை தானாகப் போய் மூன்று இலையை எடுத்துவிட்டது. இருபத்துநாலு வருஷப் பழக்கம், அவளைக் கேட்கவில்லை. இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, “உக்காருங்க” என்று சொல்லி நிமிர்ந்தபோது, ரிக்கார்டு முடிந்து ஊசி கரகரவென்று தேய்ந்துகொண்டிருந்தது.

வன்னியபெருமாள் பேப்பரைத் தாழ்த்தினார். வடிவம்மாளின் முகத்தைப் பார்த்தார். கடை ஜன்னல் வழியாக அவருக்கு எப்போதும் தெரிந்தது தட்டு நீட்டுகிற கை மட்டும்தான். ஆர்டர் சொன்ன பிறகு அந்த முகம் இப்படித்தான் ஆகும் என்பதை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்.

எழுந்தார். கண்டக்டர்களுக்குத் தானே சோறு போட்டார். “வயிறு நெறயச் சாப்பிடுங்க. இது ஹோட்டல் இல்ல, வீடு. நாளைக்கு வராதிய” என்றார். அவர்கள் போனதும் கேட்டைச் சாத்தினார், பட்டென்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

“ஞானையா, ஏணியக் கொண்டா.”

எட்டாவது பெட்டியை அவரே கழற்றினார். பூசி முடித்த சுவரை மறுபடி வெட்ட நேரமில்லை. வயரை வெளியே, சுவரின்மேலேயே ஓட்டினார்கள். சிட் அவுட்டிலிருந்து முன்கூடம், முன்கூடத்திலிருந்து நடை, நடையிலிருந்து அடுக்களை. முகம் பார்க்கிற பூச்சில் ஒரு கறுப்பு வயர் வளைந்து வளைந்து போனது. சாயந்தரம் வந்து பார்த்த இசக்கி கொத்தனார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிற்க மாட்டாமல் அப்படியே திரும்பிப் போய்விட்டார். வன்னியபெருமாள் ஏணியில் நின்று ஆணி அடித்தார். நாலு ஆணிக்கு ஒரு தடவை விரலில் அடித்தார்.

“அப்ப இங்க இன்னொரு தடவ பால் காய்ச்சணுமே” என்றாள் வடிவம்மாள்.

“காய்ச்சு. நல்ல நேரம் பாக்கணுமா?”

“இதுதான் நல்ல நேரம்.”

அடுக்களை மேடையில் பால் ஏறியது. வடிவம்மாள் கரண்டியோடு நின்றாள். ஞானையன் முன்கூடத்தில் ஊசியை வைத்தான். அடுப்புக்கு மேலே, இரண்டு இலை தள்ளி நாலு இலை உயரத்தில், அந்தப் பெண் மறுபடி கரைக்கு வந்தாள். கேட்டாள், கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள். வயலின் இழுத்தது. வாசலில் வன்னியபெருமாள் வந்து நின்று, அடிபட்ட விரலை உதறிக்கொண்டே வாயைத் திறந்தார். வடிவம்மாள் திரும்பாமலே கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார், நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மூன்றாம் சரணம் வந்தது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு வந்தது. பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் அடுப்பைத் தணிக்கவில்லை. பாட்டு முடிந்து ஊசி கரகரத்தபோது வடிவம்மாளின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது, வாயெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“கேட்டியளா? பாதி ஆத்துக்குப் போன பொறவு ஓடத்தத் திருப்பியிருக்கான்!”

“திருப்பிட்டானா?” என்றார் வன்னியபெருமாள். அவர் குரலும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

“திருப்பிட்டான். கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்.”

அவர் தலையைச் சொறிந்தார். “சரி… ஒரு காப்பி கெடைக்குமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

வடிவம்மாள் கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். ஞானையனை நோக்கி “இன்னொரு தடவ போடு, தம்பி” என்று குரல் கொடுத்தாள். சுவரில் சாய்ந்து, பெட்டிக்கு நேர் கீழே காலை நீட்டி உட்கார்ந்தாள். பிறகு, இருபத்துநாலு வருஷமாக ஜன்னல் வழியாக வந்த அதே ராகத்தில் சொன்னாள்.

“ஏங்க, மூணு காப்பி, ஒண்ணுக்குச் சீனி தனியா!”

“இந்தா வருது” என்றார் வன்னியபெருமாள்.